பெயில் ஆனவர்களின் அட்டவணை

அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் பாரம் எழுதியவர்களில் பாதிக்கு மேல் பெயில். ஆறாம் பாரம் என்றால் எஸ்.எஸ்.எல்.சி. அதில் தேறினால் மெட்ராஸில் குமாஸ்தா ஆகலாம். தேறாவிட்டால் உத்திரமேரூரிலேயே இருந்துகொண்டு, தேறியவர்களைப் பற்றிப் பேசலாம். ரிசல்ட் வந்த அன்று ஹெட்மாஸ்டர் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து, இரண்டு மூக்கிலும் ஏற்றி, தும்மி முடித்து, காரணத்தைச் சொன்னார்.

"கண்டதுங்களையும் உள்ள விட்டா இப்படித்தான் ஆகும்."

கண்டதுகள் என்று அவர் யாரைச் சொன்னார் என்பது ஸ்டாஃப் ரூமில் இருந்த ஆண்கள் எல்லோருக்கும் புரிந்தது. பீரோவுக்குப் பின்னால் இருந்த எனக்கும் புரிந்தது.

பீரோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் பெண் வாத்தியார் நான். பெண் ஒருத்தி வந்தால் அவளை எங்கே உட்காரவைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஸ்டாஃப் ரூம் மூலையில் இருந்த பீரோவைக் குறுக்கே திருப்பிவைத்து, அதன் முதுகுப் பக்கம் ஒரு நாற்காலி போட்டார்கள். அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்பதை ஒரே வாரத்தில் மறந்தும்போனார்கள். அதனால் பள்ளிக்கூடத்தில் நடப்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடும்.

எனக்கு அப்போது இருபத்திமூன்று வயது. அப்பா காஞ்சிபுரத்தில் ஒரு பெருமாள் கோயிலில் மடைப்பள்ளிக் கைங்கரியம். நான் கணக்கில் பி.ஏ. படித்து, அதற்கு மேல் வாத்தியார் பயிற்சியான பி.டி.யும் முடித்திருந்தேன். இவ்வளவு படித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்கவில்லை, வேலை கிடைத்தது. தனியாக இருக்கக் கூடாது என்று என் தம்பியைத் துணைக்கு அனுப்பினார்கள். அவனுக்குத்தான் என்னைத் துணைக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அவனையும் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே ஆறாம் பாரத்தில் சேர்த்தேன். அந்த வருஷம் பெயில் ஆனவர்களில் அவனும் ஒருவன். எதில் பெயில் என்று கேட்காதீர்கள். கணக்கில்தான்.

ஜூன் கடைசியில் ஜில்லா கல்வி அதிகாரி ஆபீசிலிருந்து ஒரு காகிதம் வந்தது. தேர்ச்சி ஏன் குறைந்தது, விளக்கம் எழுதவும். கூடவே ஒரு அட்டவணை: மாணவர் பெயர், வகுப்பு, சமூகம், தகப்பனார் தொழில், பள்ளிக்கு வராத நாட்கள், அதற்குக் காரணம், தேறியவரா இல்லையா. ஐந்தாம் பாரத்தில் நிறுத்திவைக்கப்பட்டவர்களையும் சேர்த்து எழுத வேண்டும். நேரில் வந்து பார்ப்போம் என்று அடியில் ஒரு வரி.

ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் விளக்கம் ஏற்கெனவே தயாராக இருந்தது. அழகான இங்கிலீஷ். கல்வி வாசனையே இல்லாத குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம் சேர்ந்ததால் பள்ளியின் தரம் தாழ்ந்தது என்பது கீழே உள்ள அட்டவணையிலிருந்து தெளிவாகும் என்று எழுதியிருந்தார். கீழே ஒன்றும் இல்லை. வெறும் தாள்.

"டீச்சர், நீங்க மேத்ஸ். கையெழுத்தும் நல்லா இருக்கும். அந்த டேபிளை மட்டும் போட்டுக் குடுத்துடுங்க."

"விளக்கத்தை முதல்லயே எழுதிட்டீங்களே, சார்."

"விளக்கம் தெரிஞ்சதுதானே."

நான் ரிஜிஸ்டர்களைத் தூக்கிக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் போனேன். கிளார்க் எழுதிவைத்திருந்த ரிஜிஸ்டரில் தகப்பனார் தொழில் என்ற இடம் பாதிப் பேருக்குக் காலியாக இருந்தது. சரி, பிள்ளைகளையே கேட்டுவிடலாம் என்று ஐந்தாம், ஆறாம் பாரங்களில் ஒவ்வொருவராக எழுப்பினேன். ஐந்தாம் பாரத்து முன் பெஞ்சில் ஒரு பையன், வெள்ளைச் சட்டை, கையில் கடிகாரம்.

"உங்க அப்பா என்ன வேலை செய்யறாரு?"

"எங்க நைனா சும்மா கீறாரு, டீச்சர்."

"சும்மான்னா?"

"வூட்ல கீறாரு. நெலம் கீது."

"நெலத்துல யாரு வேலை செய்யறாங்க?"

அவன் திரும்பிக் கடைசி பெஞ்சில் இருந்த பையனைக் காட்டினான். "அவங்க அப்பா."

கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து நின்று, "ஆமா டீச்சர்" என்றான். வகுப்பு சிரித்தது. இரண்டு பேரும் சேர்ந்தே சிரித்தார்கள். நான் முதல் பையனின் தகப்பனாருக்கு மிராசு என்றும் இரண்டாமவனுடைய தகப்பனாருக்குக் கூலி என்றும் எழுதிக்கொண்டேன். சும்மா இருப்பதற்கு இவ்வளவு கௌரவமான பெயர் வேறு எந்த மொழியிலும் இருக்காது.

இரண்டு நாள் உட்கார்ந்து அட்டவணையைப் போட்டேன். போட்டு முடித்ததும் எனக்கே சந்தேகம் வந்து இன்னும் இரண்டு தடவை எண்ணினேன். பரீட்சை எழுதிய கூலிக்காரர் பிள்ளைகள் மொத்தமே நாலு பேர். நாலு பேரும் பாஸ். பெயில் ஆனதெல்லாம் மிராசு, கணக்குப்பிள்ளை, கோயில் கைங்கரியம், தாலுகா ஆபீஸ். மூன்றாவது வருஷமாக அதே பெஞ்சில் ஊன்றிய தூண் மாதிரி உட்கார்ந்திருந்த ஹெட்மாஸ்டரின் தங்கை மகனும் அதில் உண்டு. என் தம்பி உண்டு. கல்வி வாசனை என்பது எங்கள் வீடுகளில் இருந்ததென்னவோ உண்மைதான். வாசனையோடு நின்றுவிட்டது.

பழைய ரிஜிஸ்டர்களையும் புரட்டினேன். ஒன்றாம் பாரத்தில் சேர்ந்தபோது இந்த நாலு பேரோடு சேரிகளிலிருந்து வந்தவர்கள் ஒரு பெஞ்சு கொள்ளாத அளவுக்கு இருந்திருக்கிறார்கள். பாரத்துக்குப் பாரம் இரண்டிரண்டு பேராகக் கழன்று, ஐந்தாம் பாரத்தில் மிச்சம் இருந்தவர்களை நிறுத்திவைத்திருந்தார்கள். காரணம்: வருகை போதாது. பள்ளிக்கூடத்தின் தேர்ச்சியைக் காப்பாற்ற ஹெட்மாஸ்டர் கண்டுபிடித்த வழி அது. அதற்கு செலக்‌ஷன் என்று பெயர் வேறு.

அட்டவணையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மேலிருந்து கீழாகப் படித்தார், பிறகு கீழிருந்து மேலாகப் படித்தார். பொடி டப்பாவை எடுத்தவர் திறக்கவில்லை.

"இது தப்பா இருக்கே."

"மூணு தடவை எண்ணிட்டேன், சார்."

"எண்ணிக்கை சரியா இருக்கும். டேபிள் தப்பா இருக்கு." தங்கை மகனுடைய பெயரின்மேல் விரலை வைத்தார். "இவனுக்கு உடம்பு சரியில்லை. டைபாய்டு வந்துது. அதுதான் காரணம்."

"எப்போ, சார்?"

"வந்துது, விடுங்க." அவர் விரல் இரண்டு வரி கீழே இறங்கியது. "இது உங்க தம்பிதானே? அவனுக்கு ஒண்ணும் வரலையா?"

என் வாழ்க்கையில் நான் பெருமைப்படாத இடங்களில் இது ஒன்று. தம்பிக்கு வந்த ஒரே வியாதி டூரிங் கொட்டகை. எந்தப் படம் போட்டாலும் மண் தரையில் முதல் வரிசையில் இருப்பான். ஆனால் கணக்கு டீச்சரின் தம்பி கணக்கில் பெயில் என்று ஆபீசரின் கையில் ஒரு தாள் போவதை நினைத்தேன். அது காஞ்சிபுரம் வரைக்கும் போய், மடைப்பள்ளியில் புளியோதரையோடு கலந்து விநியோகம் ஆவதையும் நினைத்தேன்.

"மஞ்சக் காமாலை" என்றேன்.

"அப்படிச் சொல்லுங்க" என்றார் ஹெட்மாஸ்டர். அன்றைக்குத்தான் முதல்முதலாக எனக்குக் காபி வரவழைத்துக் கொடுத்தார்.

வீட்டுக்குப் போய்த் தம்பியிடம், "உனக்குப் போன பிப்ரவரியில மஞ்சக் காமாலை. யாராவது கேட்டா ஆமான்னு சொல்லு" என்றேன்.

"அப்போ பத்தியம் இருந்தேனா, அக்கா?"

"இருந்தே."

"எண்ணெய் இல்லாமலா?" அவன் நிஜமாகவே வருத்தப்பட்டான்.

இந்தக் காமாலையோடு அட்டவணை போயிருக்கும். போயிருந்தால் இதைச் சொல்லவும் ஒன்றும் இருந்திருக்காது. அடுத்த திங்கட்கிழமை ஒரு அம்மாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். மாகறல் ரோட்டில் நாலு மைல் தள்ளி ஒரு காலனியிலிருந்து நடந்தே வந்திருந்தாள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை, காலில் காய்ந்த சேறு. அவள் பெண் ஐந்தாம் பாரத்தில் நிறுத்திவைக்கப்பட்டவர்களில் ஒருத்தி. பள்ளிக்கூடத்தில் மொத்தம் இருந்த ஏழெட்டுப் பெண்களில், ஊர்த் தெருப் பெண்கள் ஒரு முழம் இடம் விட்டு உட்கார, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருப்பாள். கணக்கில் அந்த வகுப்பிலேயே அவள்தான் முதல். நான் போர்டில் தப்பாகப் போட்டால் வாயைத் திறக்க மாட்டாள். நான் கண்டுபிடிக்கும்வரை பென்சிலை மட்டும் கீழே வைத்துவிடுவாள்.

ஹெட்மாஸ்டர் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். அம்மாள் படிக்குக் கீழேயே நின்றாள்.

"எம்பொண்ணு பெயிலுன்றாங்களே, சார். மார்க்கு வாங்கிக்கினுதானே வந்துச்சி?"

"மார்க் இல்லம்மா. ஸ்கூலுக்கு வரவே இல்ல. அட்டெண்டன்ஸ் இல்ல."

"நடவுக்கு வந்துச்சி. அறுப்புக்கு வந்துச்சி. மத்த நாளெல்லாம் இங்கதான கீது?"

"அது போதாது. ரூல்னு ஒண்ணு இருக்கு. நடவு முக்கியமா, படிப்பு முக்கியமா?"

அம்மாள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கேள்வி சரியாகக் காதில் விழவில்லையோ என்று பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"இத்த அன்னிக்கே சொல்லிக்கீலாமே, சார். ஆளு பத்தல, பொண்ணையும் இட்டுக்கினு வான்னு வரப்பு மேல நின்னுக்கினு நீங்கதானே சொன்னீங்க. உங்க கயனிதானே அது."

டிரில் மாஸ்டர் விசிலை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டார். ஹெட்மாஸ்டர், "ஆபீஸ் டைம்ல இதெல்லாம் பேசக் கூடாது, போம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவருக்கு அந்தப் பக்கம் ஏரிப் பாசனத்தில் நிலம் இருந்தது எனக்குத் தெரியும். அவர் நிலத்தில் நட்டது யார் என்று நான் யோசித்ததே இல்லை. சோறு சாப்பிடுகிறவர்கள் அதை யோசிப்பதில்லை.

அம்மாள் என் பக்கம் திரும்பினாள். "பேஜாரு பண்றாங்களேம்மா. நீயாவது சொல்லு."

"பாக்கறேன்மா" என்றேன். பார்க்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் தலையை ஆட்டிவிட்டு நாலு மைலைத் திரும்ப நடக்கப் போனாள்.

நான் பீரோவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். வாத்தியார்களின் லீவு ரிஜிஸ்டரை எடுத்தேன். புரட்டாசியில் ஹெட்மாஸ்டர் எடுத்த லீவு: சொந்த வேலை. தையில் எடுத்த லீவு: சொந்த வேலை. பெண்ணின் வருகைப் பதிவை அதன் பக்கத்தில் வைத்துத் தேதி தேதியாகப் பார்த்தேன். அவர் லீவு போட்ட நாளெல்லாம் அவளும் வரவில்லை. அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்த நாட்களில் இன்னும் சில நாள் அவள் வரவில்லை. முதலாளி திரும்பிய பிறகும் வேலை மிச்சம் இருந்திருக்கும்.

மத்தியானம் சாப்பிடவில்லை. புதுத் தாள் எடுத்து அட்டவணையை முதலிலிருந்து எழுதினேன். துணிச்சல் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். எனக்கு வந்தது எரிச்சல். அந்த அம்மாளிடம் பார்க்கிறேன் என்று சொன்ன என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. தங்கை மகனுக்கு டைபாய்டை எடுத்துவிட்டு, காரணம்: எதுவும் இல்லை என்று எழுதினேன். தம்பியின் காமாலையையும் குணப்படுத்தினேன். காரணம்: கணக்கு வரவில்லை, கணக்கு ஆசிரியை இவனுடைய அக்கா. அந்தப் பெண்ணின் வரிக்கு வந்து, காரணம்: நடவு, அறுப்பு. நிலம் தலைமையாசிரியருடையது.

சாயங்காலம் கொண்டுபோய் வைத்தேன். ஹெட்மாஸ்டர் தன் இங்கிலீஷ் விளக்கத்தை மட்டும் இன்னொரு முறை ரசித்துப் படித்துவிட்டு, அட்டவணையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் அடியில் கையெழுத்துப் போட்டார். காமாலைக்குச் சம்மதித்தவள் என்ற நம்பிக்கைதான்.

பத்துப் பதினைந்து நாளில் ஆபீசர் வந்தார். ஒல்லியான மனிதர், வயிற்றுப் புண்ணாம், காபி வேண்டாம் மோர் போதும் என்றார். ஹெட்மாஸ்டர் அறையில் உட்கார்ந்து விளக்கத்தைப் படித்தார். அட்டவணையைப் படித்தார். என்னைக் கூப்பிடச் சொன்னார்.

"இதுல அக்கான்னு எழுதியிருக்கே. யாரு அது?"

"நான்தான், சார்."

"வீட்ல சொல்லிக் குடுக்கறது இல்லையா?"

"குடுப்பேன், சார். அவனுக்குத் தூக்கம் வந்துடும்."

"எனக்கும் வரும்" என்றார் ஆபீசர். ஹெட்மாஸ்டர் கடமைக்குச் சிரித்தார். ஆபீசர் விரல் இன்னும் கீழே இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"உங்களுக்கு நிலம் இருக்கா?" என்று ஹெட்மாஸ்டரைக் கேட்டார்.

"கொஞ்சம் இருக்கு, சார்."

"ஏரிப் பாசனமா, கிணறா?"

"ஏரி, சார். தண்ணி இருந்தா ரெண்டு போகம்."

"விளைச்சல் எப்படி?"

இவ்வளவு நல்ல கேள்வியை எந்த ஆபீசரும் ஹெட்மாஸ்டரிடம் கேட்டதில்லை. முகம் மலர்ந்துவிட்டது. சம்பா பற்றிச் சொன்னார், தழையுரம் பற்றிச் சொன்னார், மதகுக்காரன் செய்யும் அக்கிரமம் பற்றிச் சொன்னார். "எல்லாத்தையும் விட ஆள் கிடைக்கறதுதான் சார் கஷ்டம். நடவு நேரத்துல ஒருத்தரும் வர்றது இல்ல. சின்னப் பொண்ணுங்களைக் கூட இட்டுக்கினு வந்துதான்..."

ஹெட்மாஸ்டரின் கை பொடி டப்பாவைத் தேடியது.

ஆபீசர் மோரைக் குடித்து முடித்தார். "கழனியில ஆஜர், ஸ்கூல்ல ஆப்சென்ட். ரெண்டும் உங்க கண்ணு முன்னாலதான் நடந்திருக்கு" என்றார். குரலை உயர்த்தவில்லை. ஃபைலை மூடிவிட்டு, வகுப்புகளைப் பார்க்கலாம் என்று எழுந்தார்.

இன்ஸ்பெக்‌ஷன் புத்தகத்தில் அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. குடிதண்ணீர்ப் பானைக்கு மூடி இல்லை என்று எழுதினார். நாலாம் பாரத்தில் உலகப் படம் தலைகீழாக மாட்டியிருக்கிறது என்று எழுதினார். நான் அதைப் படித்துவிட்டு, எல்லா ஆபீசரும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை பிரேயர் முடிந்ததும் ஐந்தாம் பாரத்திலிருந்து மூன்று பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆறாம் பாரத்துக்குப் போகச் சொன்னார்கள். அந்தப் பெண்ணும், அவளோடு நிறுத்திவைத்த இரண்டு பையன்களும். நியாயம் செய்ய முடியாத வேலையைப் பயம் செய்துவிட்டது.

அன்றிலிருந்து ஹெட்மாஸ்டர் என்னோடு நேராகப் பேசவில்லை. நான் எதிரே நின்றாலும் பியூனைப் பார்த்து, "டீச்சரை அந்த ரிஜிஸ்டர் கொண்டாரச் சொல்லு" என்பார். பியூன் என் பக்கம் திரும்பி, அதையே இன்னும் கொஞ்சம் மரியாதை சேர்த்துச் சொல்வான். ஒரு வருஷம் முழுக்க இப்படி நடந்தது. பியூனுக்கு இதில் மிகுந்த சந்தோஷம்.

ஆறாம் பாரத்தில் அந்தப் பெண்ணும் என் தம்பியும் ஒரே வகுப்பு என்றாகிவிட்டது. அவன் இரண்டாம் முறை. முதல் மாதம் அவளைப் பற்றி வீட்டில் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். இரண்டாம் மாதம் அவள் நோட்டை இரவல் வாங்கி வந்தான். அல்ஜீப்ராவை அவள் எழுதியிருக்கிற மாதிரி படித்தால் புரிகிறது என்றான்.

"நான் சொன்னா மட்டும் ஏன்டா புரியலை?"

"நீ சொல்றப்போ நீ சொல்றதுதான் தெரியறது. கணக்கு தெரியலை, அக்கா."

பி.டி. பட்டத்தை அன்றைக்கே சுருட்டிப் பரண்மேல் போட்டிருக்க வேண்டும்.

அந்தப் புரட்டாசியில் காலனிப் பெண்கள் ஹெட்மாஸ்டர் நிலத்தில் நட வந்தார்கள். ஆனால் பெண்பிள்ளைகளை அழைத்து வரவில்லை. கேட்டதற்கு, "சார்தான் படிப்பு முக்கியம்னாரு" என்று சொன்னார்களாம். அவர் கழனி ஏரிக்குக் கீழே எல்லாருடையதையும் விடத் தாமதமாகப் பச்சை கட்டியது.

மே மாதக் கடைசியில் ரிசல்ட் வந்தது. அவள் பாஸ். கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதல். இங்கிலீஷில் மட்டும் நூலிழையில் தப்பியிருந்தாள். கூடப் போன இரண்டு பையன்களில் ஒருவன் பாஸ், ஒருவன் பரீட்சைக்கு முன்பே ஆரணிப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். அவனை யாரும் தேடவில்லை, நானும் தேடவில்லை. தம்பி கணக்கில் தேறி, எல்லோரும் ஆச்சரியப்படும்படி, சரித்திரத்தில் பெயிலின் வாசல்வரை போய்விட்டுத் திரும்பினான். ஹெட்மாஸ்டரின் தங்கை மகன் நாலாவது முறையும் பெயில். பிற்காலத்தில் அவன் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்று ஜெயித்தான். எங்கள் பள்ளிக்கூடத்தின் மாணவர்களில் மாலை மரியாதையோடு திரும்ப அழைக்கப்பட்டவன் அவன் ஒருவன்தான்.

பள்ளிக்கூடத்தின் தேர்ச்சி உயர்ந்ததற்கு ஹெட்மாஸ்டர் ஒரு விளக்கம் எழுதினார். கடுமையான ஒழுங்குமுறையால் என்று. அதற்கு யாரும் அட்டவணை கேட்கவில்லை. என்னைப் பாலாற்றங்கரையில், பழையசீவரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அந்த உத்தரவையும் பியூன்தான் படித்துச் சொன்னான்.

நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்த அன்று அந்த அம்மாளும் பெண்ணும் வந்தார்கள். ஒரு கூடை வேர்க்கடலை. பெண் வாசலிலேயே நின்றாள், உள்ளே வா என்றதும் தயங்கி வந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "குந்து, டீச்சரு சொல்லுதில்ல" என்றாள். தானும் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள்.

டீச்சர் ட்ரெயினிங்குக்கு விண்ணப்பம் போடலாம், ஸ்டைபண்ட் பணம் உண்டு, ஹாஸ்டல் உண்டு, இரண்டு வருஷம் என்று சொன்னேன். பெண் ஏற்கெனவே விண்ணப்பத் தாளை வாங்கி, எல்லாவற்றையும் நிரப்பி, சட்டைக்குள் மடித்துவைத்திருந்தாள். எடுத்து நீட்டினாள். தகப்பனார் தொழில் என்ற இடத்தில் விவசாயம் என்று எழுதியிருந்தாள். நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அம்மாள் இதையெல்லாம் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது இன்னாம்மா, இன்னும் படிப்பு கீதா?"

"இருக்கும்மா. ரெண்டு வருஷம்."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேலயும் இருக்கு. நான் படிச்சது அதுக்கு மேல."

அவள் என் இரண்டு தகரப் பெட்டியையும், ஒற்றைப் பாயையும், பழையசீவரம் பஸ்ஸுக்காகக் கட்டிவைத்த சமையல் பாத்திர மூட்டையையும் ஒரு முறை சுற்றிப் பார்த்தாள்.

"அவ்ளோ வேணாம்டி" என்றாள் மகளிடம்.